பல்லி என்று நினைத்த சத்தம்

செம்பாக்கம் ஏரியைத் தாண்டி ராஜகீழ்ப்பாக்கம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி. வேலை பார்த்த பட்டறை ஷெட்டில் நான் படுத்த பாய் அங்கேயே கிடந்தது. திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை.

அந்தப் பட்டறையில் நாலு மாதம் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட பிறகு ஓரிடத்தில் நான் அதிக நாள் இருந்தது அங்கேதான். தேய்ந்த பம்ப் ஷாஃப்டுகள், பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டுகள், வரும். கம்பியை உருக்கி, காற்றடித்து அவற்றின்மேல் பீய்ச்சி, தேய்ந்த இடத்தை நிரப்புவோம். விழும் ஒவ்வொரு துளியும் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். அடியிலிருக்கும் ஷாஃப்ட் விடாது. அந்த இழுப்பு பூச்சுக்குள்ளேயே தங்கிவிடும். கனம் ஏற ஏற இழுப்பும் ஏறும். அதனால் கொஞ்சம் அடித்து, ஆறவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும்; இல்லையென்றால் பூச்சு வெடித்துவிடும். இது எனக்குத் தெரியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முதலாளி அண்ணா முதல்முறையாக ஒரு ஷாஃப்டை என்னிடம் தனியாக விட்டுப் போயிருந்தார். நன்றாக வந்தால் வேலை நிரந்தரம். சீக்கிரம் முடித்துக்காட்டும் ஆசையில் ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தேன். பேச ஆளில்லை. இனி இங்கேயே இருந்துவிடலாம், சின்னதாக ஒரு ரூம் பார்க்கலாம் என்று நினைத்தேன். ‘டிக்’ என்றது. பல்லியே சொல்லிவிட்டது என்று தரையில் மூன்று முறை தட்டினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சொன்னது. மறுபடியும் தட்டினேன்.

சாயந்திரம் அண்ணா வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பூச்சில் நகம் மாட்டுகிற விரிசல், ஒரு சாண் நீளம்.

“சத்தம் கேக்கல உனுக்கு?”

“கேட்டுச்சுண்ணா. பல்லின்னு நெனச்சேன்.”

“பல்லியா? இன்னா பண்ண, தரையத் தட்டினியா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“தட்டிகினே இரு. ஆனா வேற எடத்துல போய்த் தட்டு.”

அன்று இரவு தாம்பரம் ஸ்டேஷனில் படுத்தேன். காலையில் மார்க்கெட் அருகே, கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஒரு அக்கா, ஐஸ் உடைக்க ஆள் கேட்டார். சாக்கை விலக்கிப் பெரிய ஐஸ் கட்டியை வெயிலில் இழுத்துப் போட்டேன். ‘டிக்’ என்று அதற்குள் ஒரு கோடு ஓடியது. கட்டையை எடுத்து அந்தக் கோட்டின் மேலேயே போட்டேன். இரண்டாகப் பிளந்தது.

“பரவால்லியே! முன்னாடி இன்னா வேல பாத்துகினு இருந்த?”

“இதே வேலதான்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டியை இழுத்தேன்.