பார்த்த சாட்சி

கோர்ட்டுக்குப் போனால் வாதாடுவதைப் பார்க்கலாம் என்று நம்பிப் போனவன் நான். பார்த்ததெல்லாம் வாய்தாதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சட்டக் கல்லூரியில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். இராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் மில்லுக்குப் போகிறவர்கள். கறுப்புக் கோட்டை வீட்டில் துவைக்கலாமா என்று அம்மா அதற்குள் பக்கத்து வீட்டில் விசாரிக்க ஆரம்பித்திருந்தாள். நான் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஒரு சிவில் வக்கீலின் பின்னால் கேஸ் கட்டுகளைச் சுமந்து நடந்தேன்.

“கூட இருந்து பாரு. வாயத் தொறக்காத. வக்கீலாப் பதிஞ்ச பொறவு பேசலாம்” என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவரிடம் வன்னியம்பட்டிப் பெண் ஒருத்தியின் கேஸ் இருந்தது. புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்து, அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். அவர் தன் வயலை அவள் பேருக்கு உயில் எழுதிவைத்துப் போனார். உயிலே பொய் என்று அண்ணன்மார் வழக்குப் போட்டுவிட்டார்கள். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். மிச்சமிருந்தவர் பிளவக்கல் பக்கத்து விவசாயி, வயதானவர். அவர் கூண்டில் ஏறி, அவள் அப்பா கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்று நம்பும்படி சொல்லிவிட்டால் வயல் அவளுக்கு. அவரும் உண்மையிலேயே பார்த்தவர்.

ஆனால் கோர்ட் அவரைப் பேசவிட வேண்டுமே! ஒருநாள் நீதிபதி லீவு. ஒருநாள் வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல்; அதே காய்ச்சலோடு அவர் பக்கத்துக் கோர்ட்டில் முழங்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். பெரியவர் பஸ் மாறி, புழுதி படிந்த வேட்டியோடு வந்து சேர்வார். வாய்தா என்றதும் திரும்பிப் போவார்.

ஒவ்வொரு வாய்தா அன்றும் எங்கள் வக்கீலின் குமாஸ்தா அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், கேள்வியையும் பதிலையும் வரிசையாகச் சொல்லி ஒப்பிக்கவைப்பார். சாட்சி கூண்டில் உளறிவிடக் கூடாதாம். எல்லா வக்கீல் ஆபீஸிலும் இதுதான் வழக்கம்.

“பாத்ததத்தானய்யா சொல்லப்போறேன், இதுக்கு எதுக்குப் பாடம்?” என்று பெரியவர் முதலில் சிரித்தார். போகப் போகச் சிரிப்பு நின்றுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தார். அவர் வார்த்தையிலேயே சொல்லட்டுமே என்று குமாஸ்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். “தம்பி இன்னும் கோட்டே போடல” என்றார் அவர்.

கடைசியில் ஒருநாள் கேஸை எடுத்தேவிட்டார்கள். பெரியவர் கூண்டில் ஏறி நீதிபதியைக் கும்பிட்டார். எங்கள் வக்கீல் முதல் கேள்வியைக் கேட்டார். பெரியவர் அதற்குப் பதில் சொல்லி, இன்னும் கேட்காத அடுத்த கேள்விக்கும், அதற்கடுத்த கேள்விகளுக்கும் மூச்சுவிடாமல் பதில் சொல்லி முடித்தார். பின்பெஞ்சில் சிரித்தார்கள்.

எதிர் வக்கீல் நிதானமாக எழுந்தார். “ரொம்ப நல்லாச் சொன்னீங்க பெரியவரே. இதையெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா?”

பொய் சொல்லத் தெரியாத மனிதர் குமாஸ்தாவைக் கைகாட்டினார். “இந்தா நிக்காகளே, அவியதான். வாய்தாவுக்கு வாய்தா சொல்லிக்குடுத்தாக. பாவம், தொண்டையே வறண்டுபோகும் அவியளுக்கு.”

எங்கள் வக்கீல் பதறி எழுந்தார். “கையெழுத்துப் போட்டத நீங்க கண்ணால பாத்தீங்களா, இல்லையா?”

பாடத்தில் அந்தக் கேள்வி அந்த இடத்தில் வராது. பெரியவர் மிரண்டுபோய்க் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார்.

“எப்படிச் சொல்லணும்னு சொல்லுங்கய்யா, அப்படியே சொல்லிருதேன்.”

டைப்பிஸ்ட் அதையும் அடித்தார். அவர் நிஜமாகவே பார்த்தவர் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது? சொல்லிக்கொடுத்த சாட்சியை நம்ப முடியாது என்று பின்னால் தீர்ப்பு வந்தது. அப்பீலிலும் அதேதான். எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விட்டுப்போயிற்று. இந்தத் தொழிலுக்கா இத்தனை வருஷம் படித்தோம் என்று இருந்தது.

அந்தப் பெண் உள்ளே வரப் பயந்து வராந்தாவிலேயே நின்றிருந்தாள். “ஒண்ணுவிடாமச் சொல்லிட்டேன் தாயி” என்றார் பெரியவர், பாரம் இறங்கின முகத்தோடு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களை எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தாள். வக்கீல் அடுத்த கேஸுக்குப் போயிருந்தார். குமாஸ்தாவைக் காணவே இல்லை.

“தம்பி, வயல் வந்துரும்லா? நாத்துப் பாவணும், அதான் கேக்கேன்” என்றாள் அவள் என்னிடம்.

பெரியவர்தான் முந்திக்கொண்டார். “வராம எங்க போகும்? நான் பக்கத்துலயே இருந்தேன்லா. மொதல்ல பேனா எழுதல. எம் பேனாவத்தான் குடுத்தேன். ஒங்கப்பனுக்குக் கை நடுங்குச்சு. தாள நாந்தான் பிடிச்சுக்கிட்டேன். போட்டு முடிச்சிட்டு, ‘எம் மகளுக்கு இனி ஒரு கொறையும் இல்ல’ன்னு சொல்லி அழுதான்.”

அதைக் கேட்க அந்தக் காப்பிக் கடையில் அவளும் நானும்தான் இருந்தோம்.