கௌதாரி வறுவல் வழக்கு

நான் எளாவூர்ப் பக்கம் வனவராக இருந்தபோது, வேட்டைத் தடுப்பைக் கடுமையாக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர்களுக்கு ஏசி அறை, அலைச்சல் எனக்கு. நெடுஞ்சாலை ஓரத்தில் கஜா நடத்திய சாப்பாட்டுக் கடையில் கௌதாரி வறுவல் கிடைப்பது ஊருக்கே தெரியும். கௌதாரியைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இரண்டு தடவை சோதனை போட்டேன். ஓர் இறகுகூட அகப்படவில்லை.

ரேஞ்சர் கூப்பிட்டார். "இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தீங்கன்னா மெமோதான். அப்புறம் டிரான்ஸ்பர்."

எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம்தான் பாக்கி.

மூன்றாம் தடவையும் விடிந்ததுமே கிளம்பினேன். பாழாய்ப்போன ஜீப் வழியில் படுத்துவிட்டது. போய்ச் சேர மதியம் ஒரு மணி. கடை நிறைய லாரி டிரைவர்கள், தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக் கம்பெனி ஆட்கள். எல்லா இலையிலும் வறுவல்.

"என்ன கறிய்யா இது?" என்றேன்.

"பண்ணைக் காடை சார்" என்றார் கஜா, கூசாமல்.

ஒரு டிரைவர் எழுந்துவிட்டார். "இன்னாது, காடையா? அசல் கௌதாரின்னு சொல்லித்தானே ஒரு வருசமா துன்ன வச்ச?"

"நைனா, கம்முனு துன்னு" என்று கஜா கண்ணைக் காட்டினார்.

"இன்னா கம்முனு? நெல்லூர்லேர்ந்து மச்சான இட்டுகினு வந்து பெருமையா ஊட்டுனேனே! என் மானம் போச்சே!"

"எனக்கு அப்பவே டவுட்டு. ருசியே இல்ல" என்றார் ஒரு கம்பெனிக்காரர்.

கஜாவுக்குப் பொறுக்கவில்லை. "யார் கை பக்குவத்த சொல்ற?" என்று பின்பக்கம் ஓடி, விறகுக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கூண்டைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஏழு கௌதாரிகள், உயிரோடு. "நல்லா பாரு! நேத்து நானே கண்ணி வச்சுப் புடிச்சது! நான் யாரையும் ஏமாத்துறவன் இல்ல!"

அப்புறம்தான் என் ஞாபகம் வந்தது அவருக்கு.

பறிமுதல் மகஜரில் சாட்சிக் கையெழுத்துக்கு எப்போதும் கெஞ்ச வேண்டும். அன்று டிரைவரே பேனாவைப் பிடுங்கி, ஒரு வருடமாகத் தின்றது அசல் கௌதாரிதான் என்று வாக்குமூலமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோர்ட் உத்தரவு வாங்கி ஏழையும் புதர்க்காட்டில் விட்டபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வாக்குமூலத்தைப் படித்த ரேஞ்சர்தான் சிரித்தார். "சாட்சியா இவரு? வாங்கித் தின்னதும் குத்தம்தானே, ரெண்டாவது குற்றவாளிங்க!"

சேதி சொன்னதும் டிரைவர் பதறிவிட்டார். "சார், நான் துன்னது காடை சார்! சத்தியமா காடை!"

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன், சோதனைக்குச் சாப்பாட்டு வேளையில் போங்கள். கண்ணி வைக்கிறவனை மட்டுமே தேடி முப்பது வருடம் அலைந்தேன். இலை போட்டுக் காத்திருப்பவனைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.