அரைக் கரண்டி

"மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். ஒரு பிள்ளையின் மலம் அடங்கிய டப்பாவை என் மேசையில் வைத்த ராஜகுமாரி கதவுப் பக்கம் பார்த்தபடி, அரைக் கரண்டி, என்றார். எத்தனை நாள் என்றேன். ரெண்டு. ஏன் நிறுத்தினீர்கள் என்றேன். "வயித்தால போறது நின்னு போச்சு, நிறுத்திட்டேன். மிச்சம் ஆபத்துக்கு ஆகும்ல, டாக்டரம்மா." நான் டாக்டர் இல்லை, லேப்பில் வேலை என்றேன். "வெள்ளக் கோட்டு போட்டா டாக்டருதான்." மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுத்தீர்களா என்றதற்கு, இல்லையென்று தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை பார்க்கிறவர். பலகையில் குழந்தைகள் காப்பகம் என்றிருக்கிறது. அவருக்கு அது பிள்ளைக்காம்பரா, சிலோனிலிருந்து பெற்றோர் கொண்டுவந்த சொல். கொழுந்தெடுக்கும் பெண்கள் காலையில் விட்டுப்போகும் எட்டுப் பிள்ளைகளை நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருப்பார். மேகம் இறங்கினால் இரண்டு தடவை எண்ணுவார்.

ஒரு பிள்ளைக்கு வயிறு போனால் தாய்க்குச் சொல்லி அனுப்புவது வழக்கம். அவர் அனுப்புவதில்லை. "பாதி நாள்ல எறங்கி வந்தா அவளுக்கு அரைப் பேருதான், அரைநாள் கூலிதான் விழும். நானே பாத்துக்கிருவேன்." பார்த்துக்கொள்வது என்றால், யார் வீட்டிலோ மிஞ்சிய மருந்து பாட்டில். பொடியில் தண்ணீர் கலக்கினால் ஒரு வாரமே தாங்கும் மருந்து, அவர் அலமாரியில் இரண்டு மாதம் இருந்தது.

இம்முறை கொழுந்தெடுக்கும் சுகுணாவின் மகள் கனிஷ்காவுக்கு, நின்றது திரும்பி ரத்தமாகப் போனது. இரண்டு வயது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் போட்ட ஊசியும் கேட்கவில்லை. காம்பராவில் வேறொருத்தியை நிறுத்திவிட்டு, பரிசோதனை முடிவுக்காக மூன்று நாள் லேப் வாசலில் நடந்துகொண்டே இருந்தார் ராஜகுமாரி. பெஞ்சில் உட்காரச் சொன்னால், உக்காந்தா காலு மரத்துருது என்பார். போகிற போக்கில் யார் யார் பிள்ளைக்கோ முந்தானையால் மூக்கைத் துடைத்துவிடுவார்.

மூன்றாம் நாள், ஐந்து மருந்து வில்லைகள் வைத்த பரிசோதனைத் தட்டில் கிருமி படர்ந்திருந்தது. ஒரு மருந்து வேலை செய்தால் அதன் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். ஐந்தில் நான்கைச் சுற்றி ஒன்றுமே இல்லை. ஜன்னல் வழியாக அவரும் பார்த்தார்.

"நாலும் தோத்துருச்சா?"

"ஆமாங்க. ஒண்ணுதான் கேக்குது. அதைப் போடச் சொல்லியிருக்காங்க."

அரைகுறையாகக் கொடுத்தால் மருந்தைத் தாங்கிய கிருமிதான் மிஞ்சும், அதுதான் பெருகும் என்று சொன்னேன். இந்தக் கிருமி எங்கே அப்படிப் பழகியது என்று எந்தத் தட்டும் காட்டாது, அதையும் சொன்னேன். இரண்டாவதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மருந்து கொடுத்தது வெளியே தெரிந்தால் ஒருத்தியும் பிள்ளையை விடமாட்டாள், வேலையும் போகும் என்றார். படிக்கட்டு வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

பிறகு ஜன்னலுக்குள் கையை நீட்டினார்.

"இன்னும் ஏழு டப்பா குடும்மா. வர்றதுக்கு முன்னாடியே நிக்கட்டும்னு எல்லாத்துக்கும் அந்த மருந்த ஊத்துனேன். ரெண்டுக்கு வயித்தால போக ஆரம்பிச்சிருச்சுன்னு போன் வந்துருக்கு. தாய்மாருக்கு நான் சொல்லிக்கிறேன். நீ மேல பேரு மட்டும் எழுதிக் குடு."