ஹெரால்டு சவரியும் இடப்பக்கச் சிவப்புக் கண்ணாடியும்

ராயபுரத்தில் சவரிநாதன் என்று விசாரித்தால் நாலைந்து வீட்டைக் காட்டுவார்கள். ஹெரால்டு சவரி என்று விசாரித்தால் ஒரே வீடுதான். வாசலில் பாதி தார்ப்பாய் போர்த்திய ஒரு கார் நிற்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்கள்தான் சவரிநாதன்.

முப்பத்து நான்கு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற ஆறாம் மாதம், 1969இல் செய்த ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டை வாங்கி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "ஓடுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓட வெச்சிடலாம்."

அது நடந்து மூன்று வருடம் ஆயிற்று. வண்டி தெருமுனை வரைக்கும்தான் ஓடியிருந்தது. அதன் சாமான்களின் விலைதான் நிற்காமல் ஓடிற்று. ஆயிரத்து ஐநூறுக்குக் கிடைத்த கதவு ரப்பர் மறுவருடம் நாலாயிரம். கார்புரேட்டர் வாங்கிய காசில் ஒரு நல்ல பழைய ஸ்கூட்டி வந்திருக்கும் என்பது ஃப்ளோரன்ஸின் கணக்கு. "வசதியான வூட்டுப் பசங்கோ எல்லாம் பழைய வண்டி மேல கண்ணு வெச்சிட்டானுங்க ண்ணா, இன்னா பண்றது" என்பார் டோல்கேட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் டென்னிஸ்.

விலை ஏறியதற்கு சவரியின் முகமும் ஒரு காரணம். புதுப்பேட்டையில் ஒரு கடையில் ஹெரால்டின் கதவுக் கைப்பிடி ஒன்றைப் பார்த்துவிட்டார். எடுத்துச் சட்டையில் துடைத்தார். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இன்னா வெல?" என்று கேட்டார். அறுநூறு என்று சொல்ல வாயைத் திறந்த கடைக்காரர் ஆயிரத்து எண்ணூறு என்று முடித்தார்.

"உன் மூஞ்சியே வெல சொல்லுதுயா" என்றார் ஃப்ளோரன்ஸ்.

கடைசியில் ஒரே ஒரு சாமான் பாக்கி. பின்பக்கம் இடப்புற விளக்கின் சிவப்புக் கண்ணாடி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வாங்கும்போதே உடைந்திருந்த இடத்தில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் வெட்டி மாட்டினால் ஆகாதா என்று ஃப்ளோரன்ஸ் ஒருமுறை கேட்டதற்கு, சவரி அன்றைக்கு மீன் குழம்பையே தொடவில்லை. ஒரிஜினல்தான் வேண்டும்.

அது காலடிப்பேட்டையில் இருப்பதாக டென்னிஸ்தான் துப்புக் கொண்டுவந்தார். தங்கபுஷ்பம் என்ற அம்மாளின் கணவர் பழைய வண்ணாரப்பேட்டையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தவர். அவர் காலமானபின் கடையை மூடி, மிஞ்சிய சரக்கை அந்த அம்மாள் வீட்டில் வைத்திருந்தார்.

சவரி இந்த முறை உஷாரானார். தன் முகத்தைக் காட்டக் கூடாது, பெயரும் வரக் கூடாது என்று சொல்லி டென்னிஸை அனுப்பினார். டென்னிஸ் வந்து, ரெண்டாயிரத்து ஐநூறு என்றார். இன்னொருவர் கேட்டால் இன்னும் குறையுமோ என்று சவரிக்கு ஓர் ஆசை. ஃப்ளோரன்ஸின் தம்பி சாலமனை அனுப்பினார்.

சாலமன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார். "மாமா, நாலாயிரம் கேக்குது அந்தம்மா. பெங்களூர் சேட்டு ஒருத்தரு வேற கேட்டுகினுகீறாராம்."

சவரி மறுபடி டென்னிஸை விரட்டினார். டென்னிஸ் கொண்டுவந்த சேதி இன்னும் மோசம். "ஏழாயிரத்து ஐநூறு ண்ணா. சினிமா கம்பெனி ஒண்ணு பூந்துடுச்சாம்."

அன்று மாலை சவரி மொட்டைமாடிக்குப் போய், தொண்டையைக் கனைத்துக் குரலை மாற்றிக்கொண்டு, தானே தங்கபுஷ்பத்துக்குப் போன் போட்டார். கோயம்புத்தூரிலிருந்து பேசுவதாகச் சொன்னார். "ஏனுங்க" என்று நாலு தடவை சொல்லியும் பார்த்தார். பன்னிரண்டாயிரம் என்று பதில் வந்தது.

இரண்டு நாள் கழித்து டென்னிஸ் ஓடிவந்து, "கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன் வேற மோதறானாம் ண்ணா" என்றபோது சவரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரின் அடியில் புகுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாலமன் சாப்பிட வந்திருந்தார். டென்னிஸும் இருந்தார். சவரி பெங்களூர் சேட்டையும் சினிமா கம்பெனியையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார். ஃப்ளோரன்ஸ் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"டென்னிஸு, அந்தம்மா யாருக்கு வோணும்னு கேட்டிருக்குமே. நீ இன்னா சொன்ன?"

"அண்ணன் பேரைச் சொல்லக் கூடாதுன்னாரு. பெங்களூர்ல ஒரு சேட்டுன்னு சொல்லி வெச்சேன் டீச்சர்."

"சாலமா, நீ?"

சாலமன் இலையைப் பார்த்தார். "சினிமா கம்பெனின்னு..."

"கோயம்புத்தூர் யாருன்னு நான் கேக்கவே வோணாம். மாடியில கத்துனது தெரு முச்சூடும் கேட்டுச்சு." அவர் சவரியின் பக்கம் திரும்பினார். "உன்கூட நீயே போட்டி போட்டு வெலைய ஏத்திக்கினு கீற."

எல்லோரும் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விலை தானாக இறங்கும் என்றார் டென்னிஸ். சவரிக்கு அது பிடிக்கவில்லை. "புருஷன் இல்லாத பொம்பள. அதை ஏமாத்தி வாங்குன சாமானை வண்டியில மாட்டினா எனக்கு ஸ்டியரிங் புடிக்க கை வராது." மறுநாள் காலை மனைவியுடன் காலடிப்பேட்டைக்குப் போனார்.

தங்கபுஷ்பம் டீ கொடுத்து உட்கார வைத்தார். சவரி ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, நல்லாத்தான் பேசுதீங்க. மத்த மூணு பேரையும் இல்லைன்னு சொல்லிட்டு நீங்க குறைச்சு வாங்கப் பாக்கீங்க. நாப்பது வருசம் யாவாரம் பாத்த குடும்பம் இது" என்றார்.

சவரி பதறிப்போய் அங்கிருந்தே டென்னிஸுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். தங்கபுஷ்பம்தான் பேசினார். "தம்பி, சவரிநாதன்னு ஒருத்தரை உங்களுக்குத் தெரியுமா?"

"யாரும்மா அது? தெரியாதே. நான் சேட்டுக்குத்தான் கேட்டுகினுகீறேன்."

"டேய், நான்தான்டா பேசுறேன், சவரி."

"ராங் நம்பர்" என்று டென்னிஸ் வைத்துவிட்டார்.

அப்படி ஒரு விசுவாசம். சவரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஃப்ளோரன்ஸ் தன் போனில் தம்பியைக் கூப்பிட்டு, அதையும் ஸ்பீக்கரில் வைத்தார். "டேய் சாலமா, உண்மைய சொல்லு. இல்லாட்டி கிறிஸ்மஸுக்கு வூட்டுப் பக்கம் வராத."

"சினிமா கம்பெனி எல்லாம் இல்லக்கா. நானா உட்டதுதான். அதான் நேத்தே சொன்னேனே. அந்தம்மா கையில மட்டும் சொல்லிடாத."

தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து சவரியின் மடியில் வைத்தார்.

"மூவாயிரம் குடுங்க. முதல்ல சொன்ன விலைக்கு மேல ஐநூறு எதுக்குன்னா, மூணு வாரமா பீரோ சாவியை இடுப்புல செருகிக்கிட்டே தூங்கியிருக்கேன்."

சவரி பெட்டியைத் திறந்து பார்த்தார். கீறல் இல்லை. பேரம் பேசத் தோன்றவில்லை. ஃப்ளோரன்ஸ் கைப்பையிலிருந்து தானே எண்ணிக் கொடுத்தார்.

கண்ணாடி மாட்டிய வாரமே வண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறியது. ஃப்ளோரன்ஸ் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள். ஒரு சிக்னலில் பக்கத்து லாரி டிரைவர் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"இன்னா வண்டி நைனா இது?"

எந்த வருடம், எத்தனை குதிரைசக்தி, எங்கே செய்தது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல சவரி மூச்சை இழுத்தார். அதற்குள் ஃப்ளோரன்ஸ் ஜன்னல் பக்கம் சாய்ந்து பதில் சொல்லிவிட்டார்.

"எங்க வூட்டு வண்டிப்பா."

சவரி இழுத்த மூச்சை மெல்ல விட்டு, கியரைப் போட்டார்.