முடிக்காமல் விட்ட சுரம்

என் கைபேசியில் ஒரு குரல்பதிவு இருக்கிறது. வயதான ஒருவர் வாய் திறக்காமல் ஒரு ராகத்தை இழைக்கிறார். பின்னணியில் கோழி கத்துகிறது, யாரோ தகரக் கதவை இழுத்துச் சாத்துகிறார்கள். ராகம் மெல்ல இறங்கி, ஆதார சுரத்தில் வந்து நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும், யாருக்காகவோ காத்திருப்பவரின் மூச்சு. கிராணி ஐயா எங்களுக்கு அனுப்பிய கடைசிப் புதிர் அது. நான் அதை அழிக்கவில்லை. கேட்பதும் இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் கிராணிதான். பாட்டுப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். பிரிஞ்சாங் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் நான், திரிங்காப் ஊரிலிருந்து லோரியில் பூ ஏற்றிப் போகும் லோரி அண்ணன், இன்னும் சிலர். புதிர் போடுகிறவர் ஒரு ராகத்தை முனகிக் கடைசிச் சுரத்தைப் பாடாமல் விட்டுவிடுவார். ராகத்தின் பெயரை எழுதி அனுப்பினால் செல்லாது. விட்ட இடத்திலிருந்து பாடி முடிக்க வேண்டும். சரியாக முடித்தவர்தான் அடுத்த புதிரைப் போட வேண்டும். இந்த விதியில் மட்டும் கிராணி ஐயா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

லோரி அண்ணனுக்கு எதைக் கேட்டாலும் மோகனம்தான். "லோரிய ரிவர்ஸ்ல போட்டா வர்ற சத்தமும் உனக்கு மோகனந்தான் லா," என்பார் கிராணி ஐயா. "சிரிங்க ஐயா, ஒரு நாளைக்கு நீங்களே மோகனம் போடுவீங்க, அன்னிக்கு நான்தான் ராஜா," என்பார் அண்ணன். என் மகள் குழுவில் இல்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்பாள். எந்த முனகலையும் பாதியில் விட அவளால் முடியாது. சோறு தின்றுகொண்டிருந்தாலும் முடித்துவிட்டுத்தான் அடுத்த கவளம்.

கடைசிப் புதிரை நான் பைரவி என்று பாடி முடித்தேன். அண்ணன் வாழ்க்கையில் முதன்முறையாக மோகனத்தை விட்டு முகாரிக்குப் போனார். "ரெண்டும் இல்ல. டீச்சர், அவசரப்படாதீங்க. யாராச்சும் முடிப்பாங்க," என்று ஐயா பதில் போட்டார். அந்த வாரமே தூக்கத்தில் போய்விட்டார். விடை யாருக்கும் தெரியவில்லை; பாதியில் விடத் தெரியாத என் மகள்கூட அதை மட்டும் முடிக்கவில்லை. துக்க வீட்டில் அதைப் பற்றிப் பேச எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு மாதம் போனது. பள்ளி விடுமுறை, விடாத மழை. மழை நாட்களில் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே தண்ணீர்த் தொட்டியருகில்தான் கைபேசிக்கு லைன் கிடைக்கும். பள்ளிப் பாடத்தை அனுப்பிவிட்டு வருகிறேன் என்று மகள் மத்தியானம் மேலே போனாள். தொட்டியைத் தாண்டிப் போகும் பாதையை முந்தின வாரம்தான் மண்சரிவு கொண்டுபோயிருந்தது. அவள் போன கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. எதிர்வீட்டு வாசல் தெரியவில்லை. நான் குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "அம்மா!" என்று அவள் குரல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. என்னை நோக்கி ஓடி வந்தால் எந்தப் பக்கம் வழுக்கிப் போவாளோ தெரியாது. "அங்கயே நில்லு! நான் பாடுறேன், நீ முடி!" என்றேன். மோகனத்தில் ஒரு வரியை முனகி, பாதியில் நிறுத்தினேன். மேலே, இடப்பக்கம், அவள் முடித்தாள். அந்தத் திசையில் ஏறினேன். மறுபடி முனகினேன். இன்னும் பக்கத்தில் முடித்தாள். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்க நின்றேன்.

நான் பாடவில்லை. ஆனால் அவள் மறுபடியும் எதையோ முடித்தாள்.

மோகனம் இல்லை. நிதானமாக, குழைந்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து நின்றாள். கேட்ட கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹுசேனி. பைரவிக்கும் முகாரிக்கும் உறவுக்கார ராகம். கிராணி ஐயாவின் புதிருக்கு அதைத் தவிர வேறு விடையே இருக்க முடியாது. உடனே இன்னொரு முறை பாடினாள். இந்தத் தடவை குரல் தள்ளிப் போயிருந்தது, சரிவின் பக்கம்.

எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. அவள் சட்டையைப் பிடித்து இழுத்தபோது, அவள் காலுக்கு முன்னால் சிவப்பு மண் மட்டும்தான் இருந்தது, அதற்கு அப்பால் வெள்ளை.

"ஏம்மா இழுக்குறீங்க?" என்றாள் எரிச்சலோடு. "கிராணித் தாத்தா பாதியில விட்டுட்டாரு, நான் முடிச்சேன். உங்களுக்குக் கேக்கலயா?"

லோரி அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "தங்கச்சி, ஐயா அப்படிப்பட்டவரு இல்ல லா. புள்ளய விழாம அங்கேயே நிறுத்தி வச்சிருப்பாரு," என்றார். நம்பத்தான் ஆசைப்படுகிறேன். கேட்டுக் கேட்டு அவள் மனதில் பதிந்திருந்த பதிவு பயத்தில் மேலே வந்திருக்கலாம் என்று, படித்தவளாய், எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நிற்கச் சொன்ன இடத்தைவிட்டு அவளை நகர வைத்தது எது என்ற கேள்விக்கு வரும்போது என் படிப்பு நின்றுவிடுகிறது.

குழுவில் இன்னும் யாரும் விடை போடவில்லை. நானும் போடவில்லை. போட்டால் முடித்தது யார் என்று கேட்பார்கள். ஆனால் முடித்தவர்தான் அடுத்த புதிரைப் போட வேண்டும் என்ற விதி என் மகளுக்கும் தெரியும்.

இப்போதெல்லாம் சாயங்காலம் பனி இறங்கும்போது அவள் ஜன்னலருகே போய் நிற்கிறாள். வெளியே பார்த்தபடி புதிதாக ஏதோ ஒன்றை முனகுகிறாள். கடைசிச் சுரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு மூச்சை அடக்கிக் காத்திருக்கிறாள். அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு நான் ஓடி வருகிறேன். ராகம் சரியோ தப்போ, உரத்த குரலில் நானே முடிக்கிறேன், வேறு யாரும் முடிப்பதற்குள்.