என் கண்ணீர் அஞ்சலி பேனரில் சாமை காய்கிறது

நான் செத்துப்போன செய்தி எனக்கு ஒரு டீக்கடை வாசலில்தான் தெரிந்தது.

சங்கராபுரம் போகும் சாலையில் எங்கள் ஊர் பஸ் நிறுத்தம். புளியமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர். 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து, கீழே என் படம். 'தோற்றம்' என்ற இடத்தில் நான் பிறந்த தேதி. 'மறைவு' என்ற இடத்தில் நான் தாலி கட்டிக்கொண்ட தேதி. அடியில், 'ஆறாத் துயரில் வாடும் அன்பு அண்ணன்'. அன்பாம்! துயராம்!

நான் செய்தது இவ்வளவுதான். கள்ளக்குறிச்சிக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போன இடத்தில், கூடப் படித்த கல்வராயன் மலைக்காரரை விரும்பிக் கட்டிக்கொண்டேன். கரும்பு போடுகிற வீட்டுப் பெண் சாமை விதைக்கிற வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அண்ணன் ஏரிக்குப் போய்த் தலைமுழுகினான். அதையாவது விடலாம், ஊரில் நாலு பேர் செய்கிறதுதான். பேனர் அடித்தான் பாருங்கள், அதை என்னால் தாங்க முடியவில்லை.

கல்யாணமாகிப் பதினாறாம் நாள், என் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் போகலாம் என்று வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். "வா போலாம், வம்பு எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். நான் அவருடைய பைக் சீட்டின் மேல் ஏறி நின்று கயிற்றை அறுத்தேன். டீ மாஸ்டர் வெளியே ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது... பேனர்ல கீறது நீதானே?"

"நானேதாண்ணே. பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்துகீறேன். ரெண்டு டீ போடுங்க."

போட்டார். கிளாஸைத் தரும்போது தன் விரல் என் மேல் படாமல் பார்த்துக்கொண்டார். பேனரைச் சுருட்டிக்கொண்டு மலையேறிவிட்டேன். சர்டிபிகேட் வாங்கப் போகவில்லை.

ஆதார் இருந்தது, ஓட்டு இருந்தது, மூச்சும் இருந்தது. ஆனாலும் பிறந்த ஊரில் நான் இல்லை. உயிர் மூக்கில் இருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். இல்லை, நாலு பேர் வாயில் இருக்கிறது. 'இவ எங்க பொண்ணு' என்று சொல்ல ஆளில்லாதவளை என்னவென்று சொல்வது? என் மகளுக்குக் காது குத்தியபோது மலையில் எல்லோரும் தாய்மாமன் எங்கே என்று கேட்டார்கள். செத்துட்டான் என்றேன். சொல்லும்போது நாக்குக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார். யாரோ போனில் சொல்லி, அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். தெருமுனையிலேயே அண்ணன் மறித்தான்.

"செத்தவளுக்கு இங்க இன்னா வேலை?"

அப்பா முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். கையை நீட்டித் தள்ளினான். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலைபின்னிவிட்ட கை அது. சைக்கிள் கேரியரில் தூக்கி உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன கை. நான் அழவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. இருடா, உனக்கு இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் மலையில் ஃப்ளெக்ஸுக்கு நல்ல மரியாதை உண்டு. ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை அதுதான், தானியம் காயவைக்கப் பாயும் அதுதான். வாசலுக்கு வாசல் கட்சித் தலைவர்களும் மஞ்சள் நீராட்டு விழாப் பெண்களும் சாமைக்கு அடியில் படுத்திருப்பார்கள். என் வாசலில் நான் படுத்திருந்தேன். முகம் மண்ணைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி விரிப்பேன்.

அப்பா போன மறு வருஷம், அறுப்பு முடிந்து சாமை காய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் அண்ணன் வந்தான். வெள்ளிமலை பஸ்ஸில் வந்து இறங்கி நடந்திருக்கிறான். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளிறிப் போயிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"எப்படி கீற, பாப்பா?"

பாப்பாவாம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"செத்தவகிட்ட இன்னா வேலை உனக்கு?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்பா பேர்ல கீற நெலத்த மாத்தணும்மா. வாரிசு சர்டிபிகேட்டுக்கு தாலுக்கா ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான்னு எழுதிக் குடுத்தேன். பொண்ணு ஒண்ணு இருந்துச்சேன்னாங்க. செத்துட்டான்னேன். அப்ப டெத் சர்டிபிகேட் கொண்டான்றாங்க."

"அதான் பேனர் அடிச்சியே, அத்த காட்டறது?"

"போன்ல போட்டோ இருந்துச்சி. காட்டினேன்." ஃபைலைக் கை மாற்றிக்கொண்டான். "ஆபீஸே சிரிச்சுச்சி."

நானும் சிரித்தேன். சாமையைக் கொத்திக்கொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடுகிற அளவுக்குச் சிரித்தேன். அவன் அது முடியும் வரை காத்திருந்துவிட்டு இரண்டு தாள்களை எடுத்தான். ஒன்று, நானும் வாரிசு என்பதற்கு. இன்னொன்று, எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரம்.

"ரெண்டுலயும் கையெழுத்து போட்டுட்டா வேலை முடிஞ்சிடும்மா."

"போடறேன். மொதல்ல இந்தச் சாமைய அள்ளணும். அந்த மூலையைப் பிடி."

பிடித்தான். இருவருமாகச் சாமையைக் குவித்து மூட்டையில் கொட்டினோம். "திருப்பிப் போட்டு உதறு" என்றேன். திருப்பினான். அப்படியே நின்றுவிட்டான்.

மண்ணில் உரசி உரசி என் முகம் வெளுத்திருந்தது. எழுத்து மட்டும் அழியவில்லை.

"படி."

"வேணாம் பாப்பா."

"சத்தமா படி. கையெழுத்து வேணுமா வேணாமா?"

அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. அவன் படித்தான். கண்ணீர் அஞ்சலி படித்தான், தோற்றம் படித்தான், மறைவு படித்தான். 'அன்பு அண்ணன்' என்ற இடத்தைப் படிக்காமல் நிமிர்ந்துவிட்டான். நான் விடவில்லை. படத்தில் என் இடது தோளைக் காட்டினேன். அவனுடைய கல்யாணத்தில் எடுத்த படம் அது. பக்கத்தில் நின்றவனை வெட்டி எடுத்துவிட்டு என்னை மட்டும் பேனரில் போட்டிருந்தார்கள். ஆனால் என் தோளில் நாலு விரல் மிச்சம் இருந்தது. பேனரைக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்த நாலு விரலையும் பார்த்துப் பார்த்து எரிந்தவள் நான்.

"இது யார் கை?"

ரொம்ப நேரம் பார்த்தான். "என்னுது."

"செத்தவ தோள்ல கைய வெச்சிகினு இன்னா பண்ற?"

அப்படியே குந்தி உட்கார்ந்து அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்றுதான் இருந்தது. என் வீட்டுக்காரர்தான் செம்பில் தண்ணீரோடு வந்து கெடுத்தார். "மச்சான், தண்ணி குடிங்க" என்றார். நான் முறைத்த முறைப்பில் வேறு ஆளாயிருந்தால் செம்பைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்.

வாரிசுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். விடுதலைப் பத்திரத்தை நாலாக மடித்து அவன் சட்டைப்பையிலேயே திணித்தேன். "உசுரோட கீறவளுக்குப் பங்கு உண்டு" என்றேன். நிலத்துக்காக இல்லை. அந்த நிலத்தில் விளையும் ஒரு கரும்புகூட என் வாசலுக்கு வரவேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

இப்போது நிலம் எங்கள் இருவர் பேரிலும் கூட்டுப் பட்டா. வருஷா வருஷம் ஆலையில் கரும்பைப் பதிய என் கையெழுத்தும் வேண்டும். "சங்கராபுரத்துக்கு வந்து போட்டுட்டுப் போயேன்" என்று போனில் கெஞ்சிப் பார்த்தான். முடியாது, மேலே வா என்றேன். ஒவ்வொரு வருஷமும் வாந்தி எடுத்துக்கொண்டு ஏறி வருகிறான். நானும் அவன் வருகிற அன்றைக்குப் பார்த்துத்தான் சாமையைக் காயப்போடுகிறேன். இப்போதெல்லாம் என் முகம் வானத்தைப் பார்க்கத்தான் விரிக்கிறேன். அவன் குனிந்து தங்கச்சி முகத்தின் மேலிருந்து சாமையை அள்ளி முடித்த பிறகுதான் பேனாவை எடுப்பேன்.

போன வருஷம் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"அடுத்த வருஷமும் நல்லா இருப்ப இல்ல, பாப்பா?"

"இருப்பேன். உன்ன லேசுல உட்டுடுவேன்னு பாத்தியா?" என்றேன்.