அப்பாவைக் காக்க வைத்த இரண்டாம் தாள்

எங்கள் அன்புத் தந்தையார் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இன்று வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். அப்பாவுக்குப் புகழ்ச்சி பிடிக்காது. நடந்ததை நடந்தபடி எழுதினால் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அப்பா லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தார். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் நல்ல புள்ளியோடு சித்தி கிடைத்தும், அவருடைய பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டுமே இருந்தது. பதுளையில் தங்கிப் படிக்க வழியில்லை. கொழும்பில் ஒரு கடையில் சில வருடங்கள் மூட்டை தூக்கிவிட்டு, ஊர் திரும்பி அம்மாவைக் கைப்பிடித்தார். பசறைப் பக்கத்தில் இந்தத் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு, பழைய வேன் ஒன்றை ஓட்டி எங்களை வளர்த்தார்.

பதுளையில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணித வகுப்பு நடக்கிறது. இங்கிருந்து பஸ் பிடித்துப் போனால் பாதி வகுப்பு முடிந்துவிடும். அது தெரிந்த பிறகு சனி, ஞாயிறுகளில் நல்ல வாடகை கிடைக்கும் கல்யாண ஹயர் வந்தாலும் அப்பா போக மாட்டார். வேன் நிறையக் கணிதப் பிள்ளைகள்தான். தாமதமாக வருகிற பிள்ளையை லயத்து வாசலிலேயே வைத்துத் திட்டுவார். "நீ தல சீவி முடிக்கிறதுக்குள்ள அங்க ஒரு கணக்கு முடிஞ்சிரும். சீப்ப எடுத்துக்கிட்டு ஏறு" என்பார். அவரிடம் திட்டு வாங்காத பிள்ளை கிடையாது. எங்கள் தம்பி எல்லாரையும் விட அதிகமாகவே வாங்கினான்.

சென்ற வருடம் தம்பிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் உயர்தரப் பரீட்சை. கணிதத்தின் முதலாம் தாள் ஒரு நாள் காலை, இரண்டாம் தாள் மறுநாள் காலை. முதலாம் தாளை எழுதியவர்களைப் பதுளையிலிருந்து கூட்டிவந்து இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். பொழுது சாயுமுன் அப்பாவைப் பிரேதமாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மறுநாள் அடக்கம் என்று முடிவாயிற்று. பரீட்சையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான்தான் பெரியப்பாவிடம், தம்பி தாளை எழுதிவிட்டு வரட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"பொணத்த வீட்டுல வச்சிக்கிட்டு ஒத்த மகன் வாசல் தாண்டுறதா? பரீட்சை அடுத்த வருசமும் வரும். அப்பன் வருவானா?" என்றார். தம்பி சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அப்போது மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றாக வந்தார்கள். தோட்டத்தில் சாவு விழுந்தால் லயத்தில் யாரும் வேலைக்குப் போவதில்லை, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவதில்லை. அதுதான் செத்தவருக்கு மரியாதை. ஒரு தாய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க புள்ளைங்களும் நாளைக்குப் போகலக்கா. அண்ணன் வண்டியில போன புள்ளைங்க, அண்ணன் இப்பிடிக் கெடக்கும்போது எப்பிடிப் போகும்?" என்றார். மனசாரச் சொன்னார்.

அம்மாவின் அழுகை நின்றது.

"இதக் கேட்டா அந்த மனுசன் எந்திரிச்சு வந்து ஒங்கள எல்லாம் திட்டுவாரு. ஒரு புள்ள போகலன்னாலும் இவர எடுக்க விடமாட்டேன். எல்லாம் எழுதிட்டு வரட்டும். அதுவரைக்கும் இங்கதான் இருப்பாரு" என்றார். தம்பியைப் பார்த்து, "நீயுந்தான்" என்றார்.

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். வேனை ஓட்ட ஆளில்லையே என்று யாரோ சொன்னார்கள். பசறையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, அப்பாவின் நெடுநாள் சிநேகிதர், "சாவியத் தாங்க, நான் கூட்டிப் போறேன்" என்றார்.

காலையில் எல்லாப் பிள்ளைகளும் போனார்கள். பகல் சாய்ந்ததும் மழை பிடித்தது. வரவேண்டிய நேரம் கடந்தும் வேன் வரவில்லை. போன் எடுத்தால் லைன் இல்லை. குழியில் தண்ணீர் ஊறுகிறது என்று வந்து சொன்னார்கள். "இருட்டுறதுக்குள்ள எடுக்கணும். மகன் தண்ணி எடுத்து வர்ற நீர்மாலைக்குப் பங்காளிப் பையன் ஒருத்தன வச்சி முடிப்போம்" என்றார் பெரியப்பா. அம்மா அப்பாவின் தலைமாட்டை விட்டு அசையவில்லை. எனக்கு அடக்கத்தைப் பற்றிய கவலையே போய்விட்டது. இந்த மழையில் அந்த வளைவுப் பாதையில் வேனுக்கு என்ன ஆனதோ என்றுதான் நடுங்கினேன். போகச் சொன்னது நாங்கள் அல்லவா?

வெளிச்சம் மங்கும் நேரத்தில் சேறு அப்பிய வேன் வந்து நின்றது. வழியில் மண் சரிந்து, அதை அள்ளும் வரை காத்திருந்தார்களாம். தம்பி வெள்ளைச் சட்டையோடு இறங்கி வந்தான்.

"எல்லாரும் எழுதுனீங்களா?" என்று அம்மா கேட்டார்.

"எழுதுனோம்மா."

"அப்ப போயி குளி."

தம்பியே நீர்மாலை எடுத்தான். இருட்டுமுன் அப்பாவை அடக்கம் செய்தோம்.

மற்றப் பிள்ளைகள் நல்ல சித்தி பெற்றார்கள். தம்பிக்குக் கணிதத்தில் சித்தி கிடைக்கவில்லை. இதற்காகவா அப்பனைக் காக்க வைத்தீர்கள் என்று சிலர் கேட்டது எங்கள் காதுக்கும் வந்தது, வலித்தது. இந்த வருடப் பரீட்சைக்குத் தம்பி மறுபடி படித்தான்.

அன்று பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கும், கடையைப் பூட்டிவிட்டு வேன் ஓட்டிய நானாவுக்கும், மழையில் நின்று குழியைக் காத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பெரியப்பாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பல மாதம் எங்களோடு பேசாமல் இருந்தவர் அவர். இந்த வருடமும் திதி, தம்பியின் கணிதத் தாள் நாளிலேயே விழுந்தது. நேரம் குறிக்க அவரிடம்தான் போக வேண்டும். பயந்துகொண்டே போய் நின்றேன். பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தவர், அதைத் திறக்கவில்லை.

"மொதல்ல பேப்பர் எத்தன மணிக்கு முடியுதுன்னு கேட்டுக்கிட்டு வா" என்றார்.

குடும்பத்தினர் சார்பில்,
மூத்த மகள்